மைல் கணக்கும் மண்ணெண்ணெய்க் கணக்கும்

ஒரு கொம்பனி கடனில் அமிழும்போது, அதற்குக் கடன் கொடுத்தோர் யாவர், எவருக்கு எவ்வளவு கொடுபடவேண்டும் என்று பட்டியல் போடுவது உலக வழக்கம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்னும் எம் நாட்டு விமான சேவையின் கடன்காரர் பட்டியலும் பல தடவை போடப்பட்டுவிட்டது. அதில் இலங்கை வங்கி உண்டு. மக்கள் வங்கி உண்டு. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உண்டு. விமானங்களை வாடகைக்குக் கொடுத்த அந்நியக் கொம்பனிகள் உண்டு. அரசாங்கத்தின் உத்தரவாதத்தை நம்பி 17.5 கோடி டொலர் கடன் முறிகளை வாங்கிய வெளிநாட்டாரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் வாதாடச் சட்டத்தரணிகள் இருக்கின்றனர். அமர்ந்து பேச மேசையும் இருக்கின்றது.

ஆனால் அப்பட்டியலில் பெயரில்லாத கடன்காரர் இரு சாரார் உளர். ஒரு சாரார், அச்சேவையில் பறந்து பறந்து 'மைல்' சேர்த்து வைத்திருப்போர். மறு சாரார், அதன் விமானங்களை வானத்தில் மாத்திரம் அண்ணாந்து பார்த்திருப்போர். இப்பத்திரிகையை வாசிப்போரில் இரு சாராரும் இருக்கின்றனர். ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு. மகன் வைத்தியர், தகப்பனார் கமக்காரர். எனவே இவ்விடயத்தை இங்கு எடுத்துப் பேசுவது எமது கடமையாகின்றது.

மைல் என்பது யாது? 1981 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கொம்பனி, தன்னிடமே திரும்பத் திரும்ப வரும் பிரயாணிகளைப் பிறர் கவர்ந்து செல்லாதிருக்கும் பொருட்டு, அவர்கள் பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து, குறித்த அளவு சேர்ந்ததும் இலவசமாக ஓர் ஆசனம் கொடுக்கும் திட்டத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. மற்றைய கொம்பனிகள் பின்பற்றின. நாளடைவில் மைலுக்கும் தூரத்துக்கும் இருந்த உறவு அற்றுப்போயிற்று. இன்று கடன் அட்டையைக் காட்டிக் கடையில் பால்மா வாங்கினாலும் மைல் சேரும். வங்கி அம்மைல்களை விமானக் கொம்பனியிடம் ரொக்கம் கொடுத்து வாங்கித் தன் வாடிக்கையாளருக்கு வழங்குகின்றது. ஆகவே மைல் எவருடைய தயாளத்தினாலும் கிடைப்பதன்று. பிரயாணச் சீட்டின் விலையிலோ, அட்டையின் வருடச் சந்தாவிலோ, கடைக்காரரிடம் வங்கி அறவிடும் தரகிலோ அதற்குரிய பணம் முன்கூட்டியே வசூலிக்கப்பட்டுவிடுகின்றது. கணக்காளர்கள் இதனை நன்கு அறிவர். அதனாலேயே கொம்பனிகளின் ஐந்தொகையில் மைல் கையிருப்பாகக் காட்டப்படுவதில்லை. கொடுபடவேண்டிய பொறுப்பாகவே காட்டப்படுகின்றது.

கமக்காரருக்கு விளங்கும்படி சொல்வதாயின், இதனை ஓர் அரிசி ஆலையின் வியாபாரமாக எண்ணிக்கொள்ளலாம். அறுவடை முடிந்ததும் நெல்லை ஆலைக்காரரிடம் ஒப்படைத்துத் துண்டொன்று வாங்கி வருகிறோம் என வைத்துக்கொள்வோம். அத்துண்டில் இத்தனை மூடை என்று எழுதப்படவில்லை. இத்தனை புள்ளி என்றே எழுதப்பட்டிருக்கிறது. புள்ளி ஒன்றுக்கு எத்தனை கொத்து அரிசி என்பதை ஆலைக்காரரே தீர்மானிப்பார், வேண்டியபோது மாற்றுவார். குறித்த காலத்துக்குள் போகாவிட்டால் துண்டு செல்லாது. போனாலும், 'இன்று புள்ளிக்காரருக்கு ஒதுக்கிய அரிசி முடிந்துவிட்டது. காசுக்கு வேண்டுமானால் உண்டு' என்பார். துண்டு உமது கையில் இருந்தபோதிலும் அது அவருடைய சொத்தே என்றும் அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எந்தக் கமக்காரராவது இந்த ஒப்பந்தத்துக்கு இணங்குவாரா? படித்த உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளரும் இணங்கியிருக்கின்றனர், நாமும் இணங்கியிருக்கின்றோம்.

கூப்பன் அரிசியின் காலத்தை அறிந்தோர் இதனை இன்னும் எளிதில் உணர்வர். 1953 இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. கூப்பன் புத்தகம் அதே புத்தகமாகத்தான் இருந்தது. அதன் பெறுமதி மாறிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது; பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா அவ்வருடத்திலேயே பதவி துறந்தார். மைலின் பெறுமதியை ஓரிரவிற் குறைக்கும் கொம்பனிக்கு எதிராக எவரும் ஹர்த்தால் செய்வதில்லை. செய்யவேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. அரிசி வேறு, ஆசனம் வேறு.

தளர்ந்த கொம்பனியின் மைலுக்கு என்ன நேரும் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்தியாவிற் கிங்பிஷர் விமான சேவை 2012 ஒக்டோபரிற் பறப்பதை நிறுத்தியது. ஊழியருக்குச் சம்பளம் இல்லை. வங்கிகளுக்கு வட்டி இல்லை. மைல் சேர்த்தோருக்கு மாத்திரம் எங்கிருந்து ஆசனம் வரும்? அவர்கள் வைத்திருந்த மைல்கள் வெறும் எண்களாயின. அதற்கு முன்னர், 2001 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் அன்செற் கொம்பனி ஓரிரவில் விமானங்களைத் தரையிறக்கியபோதும் இதுவே நடந்தது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த புள்ளிகளோடு விடுமுறைக்குக் காத்திருந்தோர், விடுமுறை வருமுன்னரே அனைத்தையும் இழந்தனர்.

ஜெற் எயார்வேஸ் கதை சற்று வேறானது. 2019 ஏப்ரில் 17 ஆம் திகதி அதன் கடைசி விமானம் இறங்கியது. ஆயினும் அதன் மைல் திட்டம் வேறொரு கொம்பனியாகப் பிரிக்கப்பட்டு, அதிற் பாதிக்குச் சற்று மேலான பங்கு அபுதாபியின் எதிகாட் விமான சேவையிடம் இருந்தபடியால், மைல்கள் தப்பின. அத்திட்டம் அவ்வருடமே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி, வேறு வழிகளில் மைல்களைச் செலவிட இடம் கொடுத்தது. தாய்க் கொம்பனியைக் கலைத்துவிடும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அப்படியாயின் மைல் திட்டத்தைத் தனிக் கொம்பனியாக வைத்தாற் பயமில்லையா? அதுவுமில்லை. ஜேர்மனியில் எயார் பெர்லினின் மைல் திட்டமும் தனிக் கொம்பனியாகவே இருந்தது. அதிலும் பெரும் பங்கு எதிகாட்டினுடையதே. 2017 ஆகஸ்டில் எயார் பெர்லின் முறிந்த பத்து நாள்களுள் அதுவும் நீதிமன்றப் படியேறியது; மைல்கள் முடக்கப்பட்டன. பாலும் கலமும் வெவ்வேறு என்று சொல்லலாம். கலம் உடைந்தாற் பால் எங்கே நிற்கும்?

"எமது சேவை அரசாங்கத்துடையது, அரசாங்கம் அதனை ஒருபோதும் கைவிடாது" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். இவர்கள் இத்தாலியைப் பார்க்கவேண்டும். அலித்தாலியா அந்நாட்டின் பெருமையாக விளங்கிய சேவை. எத்தனையோ அரசாங்கங்கள் அதனைத் தூக்கி நிறுத்தின. 2021 ஒக்டோபர் 14 ஆம் திகதி அது கடைசியாகப் பறந்தது. மறுநாளே அரசாங்கத்தின் புதிய கொம்பனியான ஐற்றா பறக்கத் தொடங்கியது. ஆனால் பழைய மைல் திட்டத்தைப் புதிய கொம்பனி வாங்குதல் ஆகாதென ஐரோப்பிய ஆணைக்குழு விதித்திருந்தது. ஆகவே பழைய மைல்களை வைத்திருந்தோர் புதிய விமானங்களில் அவற்றைக் கொண்டு ஏற முடியவில்லை. அரசாங்கம் சேவையைக் கைவிடவில்லை. மைல்காரர் மட்டும் பழைய கரையில் நின்றனர். எல்லாக் கைமாற்றமும் இப்படி முடியும் என்பதற்கில்லை. 2022 சனவரியில் எயார் இந்தியா டாட்டாவின் கைக்கு மாறியபோது மைல் கணக்குகளும் உடன் சென்றன. எவ்விதம் முடியும் என்பது கைமாற்றத்தின் பத்திரத்தில் என்ன எழுதப்படுகின்றது என்பதையே பொறுத்தது. எழுதுகின்ற மேசையில் மைல்காரருக்கு நாற்காலி இல்லை என்பதே எமது முறைப்பாடு.

கொம்பனிகளுக்கு மைலின் மதிப்புத் தெரியாதென்று எவரும் எண்ணவேண்டாம். கொள்ளைநோய்க் காலத்தில் அமெரிக்கக் கொம்பனிகள் விமானங்களையல்ல, மைல் திட்டங்களையே ஈடு வைத்துக் கடன் வாங்கின. 2020 இல் யுனைட்டட் 680 கோடி டொலரும், டெல்ற்றா 900 கோடி டொலரும், 2021 மார்ச்சில் அமெரிக்கன் 1,000 கோடி டொலரும் இவ்வாறு பெற்றன. மைல் வைத்திருப்பவர் அதனைச் சில்லறையாக எண்ணிக் கிடப்பிற் போட்டுவிட, கொம்பனியோ அதே திட்டத்தை நகைபோல அடகுக் கடைக்குக் கொண்டுபோகின்றது.

இனி எம் நாட்டுச் சேவையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. முதற் பயணத்திலேயே வடக்கின் மண்ணைத் தொட்டுச் சென்ற சேவை அது. 1979 செப்டெம்பரில் அதனிடத்துக்கு எயார் லங்கா வந்தது. 1998 இல் டுபாயின் எமிரேட்ஸ் பங்குதாரராகி நிருவாகத்தையும் ஏற்றது. பெயரும் ஸ்ரீலங்கன் என மாறியது. அக்காலத்தில் இரு சேவைகளுக்கும் பொதுவாக ஸ்கைவார்ட்ஸ் என்ற ஒரே மைல் திட்டம் இருந்தது. 2007 டிசெம்பரில், லண்டனிலிருந்து வரவேண்டிய நிறைந்த விமானமொன்றிலிருந்து பணம் செலுத்திய பிரயாணிகளை இறக்கி ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடமளிக்க மறுத்த குற்றத்துக்காகப் பிரதான நிறைவேற்று அதிகாரியின் விசா பறிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் நிருவாகத்தை விட்டகன்றது. ஸ்கைவார்ட்ஸ் எமிரேட்சோடு போயிற்று. இங்கே ஃபிளை ஸ்மைல்ஸ் என்ற புதுத் திட்டம் பிறந்தது. ஆசனத்துக்கு உரியவர் யார் என்ற ஒரு சச்சரவிலிருந்து ஒரு நாட்டின் மைல் கணக்கே இரண்டாகிய வரலாறு வேறெங்கும் உண்டோ என்பது எமக்கு ஐயமே.

அதன் பின்னர் நடந்தவை நீண்ட கதை. தேவைக்கு மிஞ்சிய பெரிய விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது; பின்னர் 2016 இல் அவற்றுள் நான்கை ஏற்காது விடுவதற்காக ஒன்பது கோடி டொலருக்கு மேற் குற்றப்பணம் கட்டப்பட்டது. பறக்காத விமானத்துக்குக் கட்டிய கூலி அது! 2020 சனவரியில் எயார்பஸ் கொம்பனி பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவற்றுள், ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவிக்கு 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை தருவதாக வாக்களித்து, 20 இலட்சம் டொலர் கொடுத்த விவகாரமும் அடங்கும். பாரிஸ், பிராங்போட் நகரங்களுக்கான சேவைகள் 2016 இல் நிறுத்தப்பட்டன. பாரிசில் வாழும் எம்மவர் அதுவரை சேர்த்த மைல்களில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவற்றைக் கொண்டு ஏறிச்செல்ல அவ்வூரில் அச்சேவையின் விமானம் இல்லை. பிற்காலத்தில் பாரிஸ் சேவை மீண்டது. ஆயினும் மைலைக் குறைக்காமலே அதன் பயனைக் குறைக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

பலாலியின் கதையோ இன்னும் விசித்திரமானது. 2019 ஒக்டோபரில் அது மீண்டும் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார். 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது. 1947 இற் காங்கேசன்துறையைத் தொட்டு ஆரம்பித்த தேசிய சேவையின் மைல்களை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர், அவற்றைச் செலவிட விரும்பினால் இரவு முழுவதும் பஸ்ஸிற் பயணஞ்செய்து கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டும். தரையிற் போகும் அந்த மைல்களுக்கு எவரும் புள்ளி கொடுப்பதில்லை.

இப்போது மறு சாராரிடம் வருவோம். 2022 மே 16 ஆம் திகதி, அப்போது பிரதம மந்திரியாயிருந்த ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் இரு எண்களைச் சொன்னார். 2020–2021 வருடத்தில் மாத்திரம் ஸ்ரீலங்கனின் நட்டம் 4,500 கோடி ரூபா; 2021 மார்ச் முடிவில் மொத்த நட்டம் 37,200 கோடி ரூபா. சேவையை விற்றாலுங்கூட இந்நட்டத்தை நாடே சுமக்கவேண்டும், விமானத்திற் காலடி வைத்திராத ஏழையும் சுமக்கவேண்டும் என்று அவர் கூறினார். எதற்கெடுத்தாலும் அவரோடு மாறுபடும் நாம், இவ்விடத்தில் மாறுபட முடியவில்லை. ஆனால், அந்த ஏழை எப்போது இக்கடனுக்குக் கையொப்பமிட்டான் என்ற கேள்விக்கு அவ்வுரையில் விடை இல்லை.

அவன் சுமக்கும் விதத்தை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளும் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னது சற்றே சுத்திகரித்தது. இரண்டையும் விற்றது அதே பெற்றோலியக் கூட்டுத்தாபனம். விமான சேவைக்கு அது கடனாகக் கொடுத்தது. அக்கடன் வருடக்கணக்கிற் குவிந்தது. கமக்காரருக்கோ கைக்காசுக்குத்தான் விற்றது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் கமக்காரர், ஒரு முறை இறைக்க எண்ணெய் வாங்கப் பணமின்றிப் பயிரைப் பார்த்து நின்றார். விலையேற்றத்துக்கு விமானக் கடன் ஒன்றே காரணம் என்று நாம் வாதாடவில்லை. டொலர்ப் பஞ்சமும் உலகச் சந்தையும் இருந்தன. ஆனால் ஒரே கடையில் ஒருவருக்குக் கடனும் மற்றவருக்குக் காசுமென்று வியாபாரம் நடந்தால், காசு கொடுப்பவரே கடன்காரரையும் தாங்குகிறார் என்பது எந்தச் சங்கக்கடை முகாமையாளருக்கும் தெரிந்த கணக்கு. அவ்வாறே மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் இருந்து அச்சேவைக்குக் கொடுபட்ட பணம் எவருடையது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெல் விற்ற காசைக் கொண்டுபோய் வைப்பிலிட்டவர்களுடையதும் அதனுள் உண்டு.

ஆக, இருவரும் ஒரே கடனாளியின் கடன்காரர்கள். வேறுபாடு ஒன்றுதான். மைல் வைத்திருப்பவர் விரும்பினாற் தமது கடனை அறவிட்டுக்கொள்ளலாம். கமக்காரருக்கு அந்த வழி இல்லை.

முன்னவருக்கு நாம் சொல்வது: வழி இருக்கும்போது அதனைப் பயன்படுத்துங்கள். மைலைப் பிள்ளையின் சீதனம்போல் வைத்துக் காப்பது புத்தியன்று. அதற்கு வட்டி இல்லை. அதன் பெறுமதி காலத்தோடு குறைவதன்றிக் கூடுவதில்லை. காலாவதித் திகதியும் உண்டு. 2024 யூனில் முதிர்ந்த கடன் முறிகளுக்கே உரிய நாளிற் பணம் கொடுக்க முடியாதிருந்த சேவையிடம், முறியும் இல்லாத, கையொப்பமும் இல்லாத ஒரு வாக்கை நம்பிப் பத்து வருடம் காத்திருப்பானேன்? தாய் தகப்பனைச் சென்னைக்கு வைத்தியத்துக்கோ கோயில்களுக்கோ அழைத்துச் செல்லும் எண்ணமுண்டாயின் இவ்வருடமே செல்லுங்கள். 2014 மே முதல் அச்சேவை ஒன்வேர்ல்ட் என்னும் கூட்டணியில் இருப்பதனால், அதன் மைல்களைக் கொண்டு கட்டார் எயார்வேஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், கதே பசிபிக் முதலிய சேவைகளிலும் ஆசனம் கேட்கலாம். தூரதேசத்துக்குச் செல்வோர் இதனை முதலில் விசாரித்தல் நன்று. இலவசமென்று சொல்லப்படும் சீட்டுக்கும் வரியும் கட்டணமும் காசாகக் கட்டவேண்டும் என்பதை மறக்கலாகாது. சில சமயம் அத்தொகை மலிவான ஒரு சீட்டின் விலையை எட்டிவிடும். அப்போது மைலைத் தொடாது காசுச் சீட்டை வாங்குவதே இலாபம். வங்கிக் கடன் அட்டையிற் புள்ளிகள் சேர்ந்திருந்தால் ஆசனம் கைக்கு வரும் நாள்வரை அவற்றை வங்கியிலேயே விட்டுவையுங்கள்; ஒருமுறை மைலாக மாற்றிவிட்டால் மீட்க இயலாது. காசு கொடுத்து மைல் வாங்கும்படி வரும் விளம்பரங்களை வாசித்துவிட்டு மடித்து வையுங்கள்.

இவ்விடத்தில் நேர்மையுள்ள ஒருவர் கேட்கக்கூடும்: "நாம் எல்லோரும் மைலைச் செலவிட்டால் நொந்த கொம்பனி மேலும் நோகாதா? அந்த நோவும் ஈற்றிற் கமக்காரனின் தலையில் அல்லவா விடியும்?" கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. மைல்காரருக்குக் கொடுபடும் ஆசனங்கள் பெரும்பாலும் விலைப்படாது வெறுமையாகப் போகக்கூடியவை. அவற்றின் விலையோ முன்னரே வாங்கப்பட்டாயிற்று. ஒருவர் செலவிடாத மைல் காலாவதியாகும்போது அது கொம்பனியின் வருமானமாக ஏட்டில் ஏறுகின்றது. ஆனால் அந்த ஏட்டு வருமானத்தால் மண்ணெண்ணெய் ஒரு சதம் மலிவதில்லை. கொடுத்த காசுக்குரிய பொருளைப் பெற்றுக்கொள்வது எவரையும் ஏய்ப்பதாகாது.

ஏய்ப்பு நடக்கக்கூடிய இடம் வேறொன்று உண்டு. மந்திரிமாரும், பாராளுமன்ற உறுப்பினரும், கூட்டுத்தாபனத் தலைவர்களும், செயலாளர்களும் பொதுப் பணத்தில் உலகெங்கும் பறக்கின்றனர். சீட்டின் விலையைத் திறைசேரி கொடுக்கின்றது. அதனாற் சேரும் மைல் எவருடைய கணக்கிற் சேர்கின்றது? உலகெங்கும் மைல் திட்டங்கள் பறந்தவருக்கே மைலைக் கொடுக்கின்றன, பணம் கொடுத்தவருக்கன்று. ஜேர்மனியில் 2002 யூலையில் இது பெரும் புயலாக வெடித்தது. உத்தியோகப் பயணங்களிற் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பாவித்தமை வெளிவந்ததும், பெர்லின் மாநில அரசாங்கத்திற் பொருளாதாரத் துறையை வகித்த கிரெகோர் கீசி பதவியை விட்டு விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் தமது கட்சிப் பேச்சாளர் பொறுப்பைத் துறந்தார். சில ஆசனங்களின் பெறுமதிக்காக மந்திரி பதவியே போயிற்று! அந்நாட்டின் விமான சேவை அப்போது இலாபத்தில் இருந்ததா நட்டத்தில் இருந்ததா என்று அங்கு எவரும் கேட்கவில்லை. பொதுப் பணத்தில் விளைந்தது பொதுவுக்கே என்பதொன்றே அங்கு பேசப்பட்டது.

இங்கோ, நட்டத்தில் ஓடும் சேவையில், நட்டத்தைச் சுமக்கும் மக்களின் காசில், பதவியிலிருப்போர் பறக்கும்போது மைல் சேர்கிறது. அது எவ்விதம் கையாளப்படுகின்றது என்பதற்கு ஒரு சுற்றறிக்கை இருக்குமாயின் அரசாங்கம் அதனைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். இல்லையாயின் இன்றே ஒன்று எழுதட்டும். உத்தியோகப் பயணத்தின் மைல்களை அமைச்சு வாரியாக ஒரு கணக்கிற் சேர்த்து, அடுத்த உத்தியோகப் பயணத்துக்கு அவற்றையே பாவிக்கலாம். புற்றுநோய்க்கு இந்தியாவுக்குச் செல்லவேண்டிய வறிய நோயாளியின் சீட்டுக்கும் பாவிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. திறைசேரியின் ஒரு கடிதம் போதும்.

2024 இன் இறுதியிற் புதிய அரசாங்கம் சேவையை விற்கும் முயற்சியைக் கைவிட்டது. விற்பதா வைத்திருப்பதா என்ற பெரிய வழக்கில் எமது கருத்தை வேறொரு சமயம் விரிவாகச் சொல்வோம். எத்தீர்மானம் எடுக்கப்பட்டாலும், சேவையின் கடன்களைப் பிரித்தோ மாற்றியோ எழுதும் எந்தப் பத்திரத்திலும் மைல்களுக்கு என்ன நேரும் என்பது தெளிவாக எழுதப்படவேண்டும். மைலின் பெறுமதியைக் குறைப்பதாயின் ஆறு மாத முன்னறிவித்தல் வேண்டும். அரச வங்கிகளும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அச்சேவையிடமிருந்து பெறவேண்டிய தொகை மூன்று மாதத்துக்கொருமுறை மூன்று மொழிகளிலும் பத்திரிகைகளில் வெளிவரவேண்டும். கமக்காரர் தமது கடனை அறவிட முடியாவிட்டாலும், அது எவ்வளவென்றாவது அறிந்திருக்க உரித்துடையவர்.

வடக்கு, கிழக்கு, மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. வாய்மூல விடைக்கான வினாவாகப் பொறுப்பான அமைச்சரிடம் இதனைக் கேட்கலாம்: கடந்த ஐந்து வருடங்களில் அரசாங்கச் செலவிற் பறந்தோர் சேர்த்த மைல்கள் எத்தனை, அவை எவரெவருடைய பெயரில் இருக்கின்றன, அவற்றுட் செலவழிந்தவை எவ்விதம் செலவழிந்தன? வினாவை எழுப்புமுன், கேட்கும் உறுப்பினர் தமது உத்தியோகப் பயணங்களின் மைல் கணக்கையும் சபையின் மேசையில் வைத்துவிட்டுக் கேட்பாராயின் விடை விரைவில் வரும்.